மிஸ்ஸுக்கு முதலில் சொன்னது

முத்துலிங்கம் கதிரை எடுத்துப் போட்டது தன் மனைவிக்கு அல்ல. சுவரோரம் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் கால் ஆடாத ஒன்றாகப் பார்த்து உருவினான். தரையில் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தான். கைதிகளுக்குக் கொடுக்கும் வெள்ளைச் சட்டையின் ஓரத்தால் அதன் தூசியைத் துடைத்தான். பிறகு, “இருங்க மிஸ்,” என்றான். மாக்ரெட் மிஸ் உட்கார்ந்தாள். சீனியம்மா சோற்றுப் பார்சலும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். வாசலில் காவலாளி கம்பியால் குத்திப் பார்த்த இடத்தில் பார்சல் கிழிந்து, பருப்புக் குழம்பு அவள் மணிக்கட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது. பதினாறு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதன் அவளுக்கு ஒரு மணைக்கட்டை எடுத்துப் போட்டதில்லை. பஸ்ஸில் ஒரு இடம் காலியானால் அவன் உட்காருவான், அவள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கதிரையின் கால் ஆடுமா ஆடாதா என்று பார்க்கிற கண் அவனுக்கு உண்டு என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

இதைப் பொறாமை என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் சொன்னவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருக்கும் தோட்டத்தில், ஒரே தண்ணீர்க் குழாயை நம்பி இருபது குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் இடத்தில், சீனியம்மாவின் வாய்க்கு ஒரு மரியாதை உண்டு. வாளி வரிசையை அவள் முன்னால் யாரும் மாற்றி வைப்பதில்லை. அப்படிப்பட்டவள் அரைச்சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மிஸ் ஒருத்தியைப் பார்த்து வயிறெரிந்தாள் என்றால் ஊர் சிரிக்கும். ஆனால் எரிந்தது உண்மை. அவள் சொல்லமாட்டாள், நாம்தான் சொல்லவேண்டும்.

முத்துலிங்கம் புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவன். நல்ல உடம்பு, நல்ல வேலைக்காரன், எல்லாம் குடு பழகும்வரை. வெள்ளைத் தூளைக் கொழும்பில் எல்லாரும் குடு என்றுதான் சொல்கிறார்கள். மூட்டை தூக்கிய வலிக்கு என்று தொடங்கியது, பிறகு வலி இல்லாத நாளுக்கும் தேவைப்பட்டது. முதலில் சீனியம்மாவின் தோடு போனது, அப்புறம் பிரஷர் குக்கர், அப்புறம் முதலாளியின் களஞ்சியத்திலிருந்து ஒரு தராசு. தராசுதான் அவனை மறியல் கம்பிக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டு வருடம் என்றார்கள். முதல் நான்கு மாதமும் அவள் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமும் நின்றார்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற இடத்தில் சோறு வந்ததா, சவர்க்காரம் வந்ததா என்பதற்கு மேல் எதுவும் கேட்கமுடியாது. அதற்கு மேல் கேட்க அவளுக்கு ஆசையும் இருக்கவில்லை.

பிறகுதான் அந்தத் திட்டம் வந்தது. மறியலுக்குள் குடுக்காரர்களுக்கு வைத்தியம். மாநகர கவுன்சில் காசு கொடுக்கிறது, அதனால் கவுன்சில் எல்லைக்குள் வீட்டு விலாசம் இருப்பவர்கள் மட்டும், பதினான்கு பேர். கொட்டாஞ்சேனை விலாசம் முத்துலிங்கத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நன்மை செய்தது. ஒருகாலத்தில் கைதிகள் தையல் பழகிய அறையை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். காலையில் எல்லாரும் வட்டமாக இருந்து கதைக்கவேண்டும், பின்னேரம் ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பியில் எழுதவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு குடும்பநாள். அன்றைக்கு வலை கிடையாது. மேசை, கதிரை, தேநீர், ஆளுக்கு இரண்டு பிஸ்கட். இதையெல்லாம் நடத்துகிறவள் மாக்ரெட் மிஸ்.

முதல் குடும்பநாளில் சீனியம்மாவே அந்த மிஸ்ஸின் கையைப் பிடித்துக் கும்பிட்டாள். அவன் கன்னத்தில் சதை வைத்திருந்தது. நகம் வெட்டியிருந்தான். தெய்வம் என்று நினைத்தாள், வீட்டுக்குப் போய்த் தோட்டம் முழுக்கச் சொன்னாள். இரண்டாவது குடும்பநாளில்தான் மூக்கில் ஏதோ வியர்த்தது. ஒரு மணித்தியாலத்தில் பதினொரு தடவை ‘மிஸ் சொன்னாங்க’ என்றான். அவள் எண்ணினாள். காலையில் எழும்பினதும் கையை முகத்துக்கு நேராகப் பிடித்து நடுங்குதா என்று பார்க்கணுமாம், மிஸ் சொன்னாங்க. கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணணுமாம், மிஸ் சொன்னாங்க. பத்து வரைக்கும் எண்ணச் சொல்லி இவள் எத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பாள்!

கொப்பி இன்னொரு முள். பெயரைத் தவிர வேறெதையும் எழுதிப் பார்த்திராத மனிதன் நாளுக்கு இரண்டு பக்கம் எழுதுகிறான். ஓரத்தில் பச்சைப் பேனையால் மிஸ் ஏதோ எழுதுகிறாள். சிவப்பால் எழுதினால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்குமாம், அதனால் பச்சை. “குடுங்க பாப்பம்,” என்று சீனியம்மா கையை நீட்டினாள். அவளும் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான். அவன் கொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். “அது குறூப் விசயம் புள்ள. வெளிய காட்டக்கூடாது,” என்றான். தன் தோட்டை விற்றவன் தனக்குக் கொப்பியைக் காட்டமாட்டேன் என்கிறான். அவள் வெளியாளாம். அன்றைக்குத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

அவள் வேலை செய்வது வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில். விடியற்காலையிலிருந்து பத்து மணிவரை தேங்காய் துருவவேண்டும், பிறகு சம்பலுக்கு அரைக்கவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை குசினி வாசலிலிருந்து பார்த்தபோது மாக்ரெட் மிஸ் காசாளர் மேசையடியில் நின்றுகொண்டிருந்தாள். அதே வெள்ளவத்தையில் ஏதோ ஒரு ஒழுங்கையில்தான் வீடாம். இடியப்பம் பத்து, சொதி, சம்பல் கூடவாக. ஒரே ஒரு பார்சல். அப்படியென்றால் தனி ஆள் என்று சீனியம்மா கணித்தாள். நாற்பத்தைந்து இருக்கும். முன்னந்தலையில் நரை. இடது குதிகாலில் ஆழமான வெடிப்பு, செருப்பில் மண். அந்த வெடிப்பைக் கண்டதில் அவளுக்கு ஒரு நாள் முழுக்க மனம் நிறைந்திருந்தது. தான் துருவிய தேங்காயைத்தான் இந்த மகராசி ருசித்துச் சாப்பிடுகிறாள் என்று நினைத்தபோது, அடுத்த தேங்காயைத் துருவலகில் வைத்து ஓடு தெரியும்வரை துருவினாள்.

மூன்றாவது குடும்பநாளில்தான், கதிரை எடுத்துப் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான், அது நடந்தது. அன்று ஆண்கள் தங்கள் கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தை வீட்டாருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தாள். ஒருவன் தாயிடம் திருடியதை வாசித்து அழுதான். இன்னொருவன் வாசிக்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டான். முத்துலிங்கத்தின் முறை வந்தது. கொப்பியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிக்கொண்டே வாசித்தான்.

“எனக்கு ஒரு மகள் இருந்தது. அதற்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு மழை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் திறீவீலர் பிடித்துவரச் சொல்லி சீனி என்னை அனுப்பினாள். திறீவீலர் கிடைக்கவில்லை என்று நான் பிறகு சொன்னேன். அது பொய். சந்தியிலேயே ஒன்று நின்றது. நான் அதில் ஏறிக் குடு வாங்க கிராண்ட்பாஸ் போனேன். ஐந்து நிமிசம் என்று நினைத்துத்தான் போனேன். திரும்பி வரும்போது வீடு பூட்டியிருந்தது. சீனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போயிருந்தாள்.”

நிறுத்தினான். பக்கம் முடியவில்லை. கடைசி வரிகளை வேகமாக வாசித்தான். “இதை நான் முதல் மாதமே மிஸ்ஸுக்குச் சொல்லிவிட்டேன். சீனிக்குச் சொல்லப் பயம்.”

மாக்ரெட் மிஸ் முன்னால் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். “நிரோஷாவுக்கு அப்ப என்ன வயசு, முத்துலிங்கம்?”

“ஒரு வருசமும் ரெண்டு மாசமும், மிஸ்.”

பன்னிரண்டு வருடமாக அந்தப் பெயர் அந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. பிள்ளையின் சட்டைகளை அவள் ஒரு நாள் யாருக்கோ கொடுத்தபோது அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் எப்போதாவது வாய் திறப்பான், அப்போது இருவருமாகச் சேர்ந்து ஒரு தடவை அழுதுவிட்டு எழும்பலாம் என்று அவள் காத்திருந்தாள். எத்தனை இரவு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்! அந்தப் பெயரை இப்போது வெள்ளவத்தைக்காரி ஒருத்தி தன் சொந்தப் பிள்ளையின் பெயரைப்போல எடுத்துச் சொல்கிறாள்.

அவன் கிராண்ட்பாஸ் போயிருப்பான் என்பது சீனியம்மாவுக்கு எப்போதோ தெரியும். மழையில் திறீவீலர் தேடி அலைந்தவன் தலை நனையாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றதைப் பார்த்த அன்றே தெரியும். அது அவளை உடைக்கவில்லை. முதல் மாதமே என்றானே, அதுதான் உடைத்தது. அப்படியென்றால் முதல் குடும்பநாளில், இவள் கையைப் பிடித்துக் கும்பிட்டபோதே, இந்தப் பொம்பளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்து வைத்துக்கொண்டே தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், சீனி போதுமா என்று கேட்டிருக்கிறாள். இவள் பெற்ற பிள்ளையின் சாவுக் கதை இவளுக்குத் தெரியாமல் மூன்று மாதம் இன்னொருத்தியின் மேசையில் இருந்திருக்கிறது. நியாயப்படி அவளுடைய கோபம் போகவேண்டிய இடம் முத்துலிங்கம். ஆனால் அது அந்த வீட்டைத் தாண்டிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. கோபங்கள் அப்படித்தான், விலாசம் பார்த்துப் போவதில்லை.

அவள் அழவில்லை. எல்லாரும் அவள் அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்சலை மேசையில் வைத்து, “சோறு ஆறுது, சாப்பிடுங்க,” என்றாள்.

புறப்படும்போது மாக்ரெட் மிஸ் வாசல்வரை வந்தாள். “சீனியம்மா, இண்டைக்கு உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். முதலே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனா அது அவர் சொல்லவேண்டிய விஷயம், நான் சொன்னா சரியில்லை,” என்றாள். சீனியம்மா மணிக்கட்டில் காய்ந்த குழம்பைத் தேய்த்தாள். மிஸ் சற்றுத் தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள். “இன்னொரு விஷயம். இதைக் கேக்கிற நேரம் இல்லை, எண்டாலும் வேற நாள் இல்லை. டிசம்பரோட எங்களுக்குக் கவுன்சில் தாற காசு முடியுது. வாற வியாழக்கிழமை கமிட்டி கூடுது. வீட்டுக்காரர் ஆராவது வந்து கதைச்சால்தான் அவையள் நம்புவினம். பதினாலு குடும்பத்தில ஒருத்தரும் வர விருப்பமில்லை. வெக்கப்படுகினம். நீங்கள் வருவீங்களோ?”

சீனியம்மா திரும்பி முத்துலிங்கத்தைப் பார்த்தாள். அவன் வரிசைக்குப் போகவேண்டிய நேரம். அவன் ஓரடி முன்னால் வந்தான். முகம் வீங்கியிருந்தது.

“போய்ச் சொல்லு புள்ள. மிஸ்ஸுக்காக ஒரு தடவ போ. இது நின்னுருச்சின்னா நாங்கல்லாம் பழையபடி பெரிய வோர்டுக்குத்தான். அங்க சாமான் கையில கெடைக்கும். எனக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்கு.”

எனக்காகப் போ என்று சொல்லியிருந்தால் போதும். வாயில் வந்தது வேறு பெயர். “சரி, போறேன்,” என்றாள் சீனியம்மா.

வியாழக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு, உள்ளதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அவள் ஒன்றும் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். ஐயாமாரே, எங்க வீட்டுக்காரரு இப்ப நல்லா இருக்காரு, இத நிப்பாட்டிடாதீங்க. அவ்வளவுதான். கமிட்டி அறையில் நீளமான மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக், மைக்கில் ஒரு சிவப்பு விளக்கு. முதலில் தெருநாய்களைப் பற்றிப் பேசினார்கள். நாய்களுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பிறகு ஏதோ ஒரு வாய்க்கால். அதன் பிறகே இவர்கள் முறை. மாக்ரெட் மிஸ் எழுந்து சிங்களத்தில் பேசினாள். கஞ்சிபோட்ட பருத்திச் சேலை, கையில் குறிப்பு எதுவும் இல்லை, வார்த்தைகள் தடுக்காமல் வந்தன. நரைத்த மீசைக்காரத் தலைவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். மேசை முழுக்க அவளைத்தான் பார்த்தது. எங்கே போனாலும் மனுசர் இவளைத்தான் கேட்கிறார்கள் என்று சீனியம்மா நினைத்தாள். பேசி முடித்ததும் மிஸ் பின்னால் வந்து சீனியம்மாவின் தோளில் கைவைத்து, அவளை முன்னால் நகர்த்தினாள். அந்தக் கை தோளில் பட்டதுதான் தாமதம், பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கோ போயிற்று.

“ஹரி, கதா கரண்ட,” என்றார் தலைவர், பேசச் சொல்லி. அவள் விழிப்பதைப் பார்த்து, மேசையின் மறுபக்கத்திலிருந்த ஜவாஹிறா என்ற உறுப்பினர் தமிழில் கேட்டார். கொம்பனித்தெருக்காரி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார்.

“பயப்படாம சொல்லுங்க. உங்கட மாப்புளைக்கிட்ட இப்ப வித்தியாசம் ஈக்கா? உங்களோட மனசுவிட்டுப் பேசுறாரா?”

வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவள் தப்பியிருப்பாள்.

“நல்லாத்தான் இருக்காரு,” என்றாள். மைக் அவள் குரலைப் பெரிதாக்கி அவளுக்கே திருப்பிக் கொடுத்தது. “ஆனா எங்கிட்ட ஒண்ணும் பேசுறதில்லங்க. பேசுறது எல்லாம் இந்த மிஸ்ஸோடதான். எங்க வீட்டு நல்லது கெட்டது எல்லாம் எனக்கு முன்னாடி இவங்களுக்குத் தெரியுது. பொம்பள ஒருத்தர், கதவச் சாத்திக்கிட்டு, பதினாலு ஆம்பளைங்களுக்கு நடுவுல. பொஞ்சாதிமாரு நாங்க வெளிய இருக்கோம். நாங்க எப்படிங்க நிம்மதியா இருக்குறது?”

கதவைச் சாத்திக்கொண்டு என்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அந்த அறைக்குக் கதவே கிடையாது. தையல் மெசின்களை வெளியே எடுத்தபோது கழற்றிய கதவை யாரும் திரும்பப் பொருத்தவில்லை. ஒவ்வொரு குடும்பநாளும் வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். சொல்லி முடித்ததும் அதைத் திருப்பி எடுக்க நினைத்தாள். அதற்குள் மேசையோரம் இருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா எழுந்து, கதவு உட்பட எல்லாவற்றையும் ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொல்லிவிட்டார். மேசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இருமினார். மீசைக்காரர் மாக்ரெட்டை இப்போது வேறு மாதிரிப் பார்த்தார்.

மாக்ரெட் மிஸ் கதவு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திட்டத்துக்கான காசு என்ன ஆகும் என்று மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். அதுவும் பிறகு ஜவாஹிறா சொல்லித்தான் சீனியம்மாவுக்கு விளங்கியது. கமிட்டி பத்து நிமிடம் பேசியது. காசு இன்னொரு வருடத்துக்குக் கிடைக்கும். ஆனால் ஆண் கைதிகளுக்கு ஆண் ஆலோசகர் ஒருவரைத்தான் போடவேண்டும். குடும்பங்களின் மன அமைதிக்காக, என்று எழுதிக்கொண்டார்கள். அந்தச் சொல்லை ஜவாஹிறா தமிழில் சொன்னபோது சீனியம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது மிஸ் அவளுக்காக நின்றாள். சீனியம்மா திட்டு வாங்கத் தயாராக வந்தாள். திட்டினால் திருப்பித் திட்டலாம். முழுதாக ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். மாக்ரெட் மிஸ் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். “காசு கிடைச்சிட்டுது. அதுதான் முக்கியம்,” என்றாள். பிறகு, “நீங்கள் காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டாள். அதிலும் அவளே ஜெயித்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் குடும்பநாளுக்குச் சீனியம்மா போகவில்லை. கடையில் வேலை என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். மிஸ்ஸின் கடைசிக் குடும்பநாள் அது.

ஜனவரியில் போனாள். சந்தோஷமாகத்தான் போனாள் என்று சொல்லவேண்டும், பொய் சொல்லக்கூடாது. இனி நடுவில் யாரும் இல்லை. கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தாள், அவனுக்குப் பிடித்தது. வழியெல்லாம் யோசித்தாள். இனி அவன் சொல்வதென்றால் என்னிடம்தான் சொல்லவேண்டும். நானும் பதறாமல் கேட்பேன், அந்த மிஸ்ஸைப்போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்பேன்.

அறை மாறியிருந்தது. கதிரைகள் வட்டமாக இல்லை, வரிசையாக இருந்தன. முன்னால் புதிய ஆலோசகர் றேமண்ட் சேர் நின்றார். நல்ல மனிதர், பாமன்கடையில் எங்கேயோ பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஒரு நாளும் ஒரு தப்பும் செய்திருக்கமாட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. சுவரில் ஒரு பெரிய படம், அதில் நல்ல ஈரலும் கெட்ட ஈரலும் பக்கத்தில் பக்கத்தில். குச்சியால் தட்டித் தட்டிக் காட்டினார். ஆண்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். கடைசி வரிசையில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். படம் முடிந்ததும் மேசைக்குப் போகவிட்டார்கள்.

முத்துலிங்கம் எதிரில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். அவள் பார்சலைப் பிரித்து அவன் முன்னால் தள்ளினாள். அவன் தொடவில்லை. சவர்க்காரம் வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றான். இரவில் தூக்கம் வருதா என்று கேட்டாள். தோளைக் குலுக்கினான். கொப்பி எங்கே என்று கேட்டாள். அதெல்லாம் இப்போது இல்லை என்றான். பன்னிரண்டு வருடம் வீட்டில் இருந்த அதே மனிதன் வந்து உட்கார்ந்திருந்தான், அதே முதுகு, அதே தாடை. அவள் கேட்டுக்கொண்டது அப்படியே கிடைத்திருந்தது. நடுவில் யாரும் இல்லை, அவனும் இல்லை.

அவள் பார்சலை இன்னும் கொஞ்சம் தள்ளியபோது அவனாகவே பேசினான்.

“மிஸ்ஸ ஏன் அனுப்புனாங்கன்னு தெரியுமா? யாரோ ஒரு வீட்டுக்காரி கவுன்சில்ல போய் அசிங்கமா சொல்லிருக்கா. கதவச் சாத்திக்கிட்டு இருக்காங்கன்னு. இங்க எங்க கதவு இருக்கு?” அவன் கை கதவில்லாத வாசலைக் காட்டியது. கை நடுங்கியது. “யாருன்னு சேர்கிட்ட கேட்டேன், அவருக்குத் தெரியாதாம். ஒன்னய நான் நெனைக்கல. நீ நல்லா சொன்னதாலதான் காசே கெடச்சிச்சின்னு பயலுகள்ட்ட சொல்லியிருக்கேன்.”

சீனியம்மா மேசையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். மற்றக் குடும்பங்களிலிருந்து பிறகு மனம் மாறிக்கூட ஒருத்தரும் கவுன்சிலுக்கு வரவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. மிஸ் சொல்லமாட்டாள், சொல்கிறவளாக இருந்தால் போகும்போதே சொல்லியிருப்பாள். பேசாமல் இருந்தால் இந்த வருடம் முடிந்து இவன் வெளியே வருவான், வீட்டில் வந்து சுவரைப் பார்த்துப் படுப்பான், அவள் நல்லவளாகவே இருப்பாள். சந்தியில் திறீவீலர் இல்லை என்று அவன் பன்னிரண்டு வருடம் வைத்துக்கொண்டிருந்தானே, அதைப்போல இதை இவளும் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு காலத்துக்கு? இதைச் சொல்லிவிட்டால் அவன் முகத்தை இனிப் பார்க்கமுடியுமா என்றும் பயமாக இருந்தது. அவன் கொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தது ஏன் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. மறைத்துக்கொள்ள அவளிடம் ஒரு கொப்பியும் இல்லை.

“நாந்தாங்க சொன்னேன்,” என்றாள்.

அவன் விளங்காதவனைப்போலப் பார்த்தான்.

“கவுன்சில்ல பேசுனது நாந்தான். கதவுன்னு சொன்னதும் நாந்தான். வேற யாரும் வரல.”

“ஏன்?”

“நம்ம புள்ள பேர நீங்க அவங்களுக்கு முதல்ல சொல்லிட்டீங்க,” என்றாள். “நிரோஷா செத்து பன்னெண்டு வருசம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கிட்ட நீங்க... பொறாமங்க. வேற என்னன்னு சொல்றது. பொறாம.”

மணி அடித்தது. மற்ற மேசைகளில் ஆண்கள் எழுந்தார்கள், பெண்கள் காலிப் பார்சல்களைச் சுருட்டினார்கள். முத்துலிங்கமும் எழுந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சோற்றையும் பார்க்கவில்லை. வாசலுக்கு முன்னால் பதினான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டினார்கள். அவன் நான்காவது ஆள். வரிசை நகர்ந்தது. முதலாமவன் வாசலைத் தாண்டினான், இரண்டாமவன், மூன்றாமவன். வாசற்படியில் ஒரு காலை வைத்ததும் முத்துலிங்கம் நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் அவன் முதுகில் மோதினான். பின்னாலிருந்த பத்துப்பேரும் நிற்கவேண்டியதாயிற்று. காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து, “யன்ட, யன்ட,” என்று போகச் சொல்லிக் கத்தினான். சீனியம்மா கையிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசையடியில் நின்றாள். அவன் முன்னால் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. வெள்ளைச் சட்டைக்குள் அவன் முதுகு மட்டும் விம்மலில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.